நடிகையே பாடகி: ஜப்பானில் இது எப்படி நடக்கிறது?

ஜப்பானியப் படம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கும்போது பெரும்பாலும் ஒரு பாட்டு வரும். எழுந்து போகாமல் உட்கார்ந்து பெயர்களைக் கவனித்தால், சில படங்களில் நாயகியின் பெயரும் அந்தப் பாட்டைப் பாடியவர் பெயரும் ஒன்றாகவே இருக்கும். நாயகி வாயசைக்க வேறொருவர் பாடுவதையே கேட்டு வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் புதிது. அங்கே 'நடிகை, பாடகி' என்று ஒருவரை ஒரே மூச்சில் அறிமுகப்படுத்துவது சாதாரணம். இது எப்படி வந்தது, யார் யாரைப் பாட வைக்கிறார்கள், அதில் யாருக்கு என்ன லாபம் என்பதையெல்லாம் ஒரே ஒரு நடிகையின் பாதையை வைத்தே சொல்லிவிடலாம். அவர் யாகுஷிமாரு ஹிரோகோ. 1964இல் டோக்கியோவில் பிறந்தவர். (அங்கே குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். அதனால் யாகுஷிமாரு என்றே எழுதுகிறேன்.)

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஜப்பானியப் படங்களில் பொதுவாகக் கதைக்கு நடுவே யாரும் பாடி ஆடுவதில்லை. படத்துக்கென்று 'ஷுதாய்கா' எனப்படும் ஒரு பாட்டு இருக்கும். தலைப்புப் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அது கடைசியில் ஒலிக்கும், டிவி விளம்பரத்தில் ஒலிக்கும், தனி இசைத்தட்டாகக் கடைக்கு வரும். கதாபாத்திரம் வாயசைக்க வேண்டிய தேவையே இல்லை, ஆகவே பின்னணிக் குரல் என்ற ஏற்பாடும் அங்கே பெரிதாக வளரவில்லை. தயாரிப்பாளர் முன்னால் இருக்கும் கேள்வி வேறு: இசைத்தட்டின் உறையில் யார் முகத்தைப் போட்டால் விற்கும்? நாயகிக்கு ரசிகர் கூட்டம் இருந்தால் விடை சுலபம். அவரையே பாடச் சொல்.

இந்த யோசனை புதிதல்ல. மிசோரா ஹிபாரி பாட்டிலும் படத்திலும் ஒரே நேரத்தில் கொடிகட்டிப் பறந்தவர், நூற்றைம்பது படங்களுக்கு மேல் நடித்தவர். நிக்காட்ஸு படநிறுவனத்தின் நட்சத்திரமான யோஷினாகா சாயுரி, ஹாஷி யுகியோவோடு சேர்ந்து பாடிய பாட்டு 1962இல் ஜப்பான் இசைத்தட்டு விருதையே வாங்கியது. 1972இல் தொடங்கிய 'தேள்' சிறைப் படங்களில் பேசாமல் முறைத்தே கொன்ற காஜி மெய்கோவும் தன் படங்களுக்குத் தானே பாடினார். அவர் குரலை ஜப்பானியப் படமே பார்க்காத பலரும் கேட்டிருப்பார்கள்: குவென்டின் டரன்டினோ 2003இல் எடுத்த 'கில் பில்' படத்தில் வரும் ஜப்பானியப் பெண் குரல் அவருடையதுதான்.

ஆனால் இதையெல்லாம் ஒரு வியாபார முறையாகவே ஆக்கியவர் கடோகாவா ஹருகி. புத்தகப் பதிப்பாளர். அப்பா நடத்திய கடோகாவா பதிப்பகத்தை 1975இல் கையில் எடுத்தார். அடுத்த ஆண்டே 'இனுகாமி குடும்பம்' என்ற துப்பறியும் கதையைப் படமாகத் தயாரித்து, டிவி முழுக்க விளம்பரமாக இறக்கினார். தான் வெளியிட்ட நாவலையே படமாக்குவது, படத்தின் விளம்பரத்தால் மலிவு விலைப் பதிப்பை விற்பது, பாட்டை இரண்டுக்கும் பொதுவான விளம்பரமாக ஆக்குவது, இதுதான் கணக்கு. படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா என்று அவர் விளம்பரமே கேட்டது. எதை முதலில் செய்தாலும் காசு ஒரே கல்லாவுக்குத்தான் வரும். ஜப்பானில் இன்றைக்கு அனிமே, மங்கா, விளையாட்டு, பாட்டு எல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருகிறதே, அதற்குப் பெயர் 'மீடியா மிக்ஸ்'. அதற்குப் பெரிய அளவில் வழிபோட்டவர்களில் இவரும் ஒருவர்.

இந்த இயந்திரத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. 1978இல் 'யாசேய் நோ ஷோமேய்' என்ற படத்துக்காக ஒரு சிறுமியைத் தேடி நேர்முகத் தேர்வு வைத்தார்கள். தேர்வானவர் யாகுஷிமாரு. படம் வந்தபோது வயது 14. நாயகன் தகாகுரா கென், அன்றைய உச்ச நட்சத்திரம். ஒரு கிராமமே படுகொலை செய்யப்பட்ட அதிர்ச்சியில் நினைவை இழந்த சிறுமியாக வருவார். அப்பா, பயமா இருக்கு என்று அவர் சொல்லும் வசனத்தை டிவி விளம்பரத்தில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். படம் பார்க்காதவர்களுக்கும் அந்தக் குரல் பழகிவிட்டது. பாடகி ஆவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே நாடு அறிந்த குரலாகிவிட்டார் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் 'ஐடல்' என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யாகுஷிமாருவின் விசேஷம் புரியாது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஐடல் என்றால் பதின்வயதுப் பாட்டு நட்சத்திரம். வாராவாரம் டிவியில் பாடுவார், பத்திரிகை அட்டையில் சிரிப்பார், பிரபலமானதும் ஒரு படத்தில் நடிப்பார். 1980இல் அறிமுகமான மத்சுதா சேய்கோ, 1982இல் வந்த நகாமோரி அகினா, கோய்சுமி கியோகோ எல்லாரும் இந்த வழியில் வந்தவர்கள். இவர்களை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு 'ஜிமுஷோ' என்று பெயர். எந்தப் படம், எந்த விளம்பரம், எந்தப் பாட்டு, என்ன உடை என்பதில் அதன் சொல்தான் பெரும்பாலும் இறுதி. கடோகாவா இதைத் தலைகீழாகச் செய்தார். அவர் ஜிமுஷோவில் இருந்த யாகுஷிமாருவை முதலில் நடிகை ஆக்கினார், டிவியில் அதிகம் காட்டாமல் வைத்துக்கொண்டார். அவரைப் பார்க்க வேண்டுமா, டிக்கெட் வாங்கு. பாட்டு அப்புறம்தான்.

அந்த 'அப்புறம்' 1981இல் வந்தது. 'மாலுமிச் சீருடையும் இயந்திரத் துப்பாக்கியும்' என்ற படம். அகாகவா ஜிரோவின் நாவல், சோமாய் ஷின்ஜி இயக்கம். உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி, நாலு பேர் மட்டுமே மிச்சமிருக்கும் ஒரு சில்லறை யாகுசா (ஜப்பானிய ரவுடி) கும்பலுக்குத் தலைவியாக வேண்டிவருகிறது. கதையைக் கேட்டால் கேலிக்கூத்து மாதிரி இருக்கும். பார்த்தால் வேறு மாதிரி. சோமாய் வெட்டாமல் நீள நீளமாக எடுப்பவர். நாயகியின் முகத்தை அருகில் காட்டினால் போதும், ரசிகர்கள் மகிழ்வார்கள் என்ற நிலையில், அவளைத் தூரத்தில் ஒரு புள்ளியாக வைத்தே பல காட்சிகளை எடுத்திருக்கிறார். தயாரிப்பாளருக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். இறுதியில் அவள் எதிரியின் அலுவலகத்தில் துப்பாக்கியால் சுட, பாட்டில்கள் சிதறுகின்றன. அதில் ஒரு கண்ணாடிச் சில்லு நிஜமாகவே யாகுஷிமாருவின் முகத்தில் பட்டுக் கீறியது. அந்தக் கீறலோடுதான் அவர் ஒரே ஒரு சொல் வசனத்தைச் சொல்கிறார். அந்த எடுப்பே படத்தில் இருக்கிறது.

பாட்டு விஷயம் இன்னும் சுவாரசியம். இசை கிசுகி தகாவோ, வரிகள் அவர் சகோதரி கிசுகி எத்சுகோ. முதலில் கிசுகியே பாடுவதாகத்தான் இருந்தது. நாயகியைப் பாட வைக்கலாமே என்று சொன்னவர் இயக்குநர் சோமாய். மெட்டைப் போட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்! கடைசியில் இரண்டும் வந்தன. 1981 நவம்பரில் படத்தின் பெயரிலேயே யாகுஷிமாரு பாடிய தட்டு ஒன்று, அதே மெட்டு 'கனவின் நடுவே' என்ற பெயரில் கிசுகியின் குரலில் இன்னொன்று. இரண்டுமே நன்றாக விற்றன. நடிகையின் தட்டு ஓரிகான் பட்டியலில் முதலிடம் பிடித்து 8 லட்சத்துக்கு மேல் விற்றது. (ஓரிகான் என்பது ஜப்பானில் எந்தத் தட்டு எவ்வளவு விற்றது என்று வாராவாரம் கணக்கு வெளியிடும் அமைப்பு.) டிசம்பரில் படம் வந்தபோது ஓசாகாவில் நட்சத்திரங்களைப் பார்க்கக் கூடிய கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கலவரத் தடுப்புப் போலீஸ் வரவேண்டியிருந்தது.

இரண்டு குரலிலும் கேட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். கிசுகி தேர்ந்த பாடகர், வரிகளைக் குழைத்து, சாய்த்து, காதலின் களைப்போடு பாடுகிறார். யாகுஷிமாரு பள்ளிச் சேர்ந்திசையில் நிற்கும் பிள்ளை மாதிரி நேராகப் பாடுகிறார். சுருதி சுத்தம், அதிர்வு அனேகமாக இல்லை, சோகத்தைக் காட்ட முயற்சியே இல்லை. அதனாலேயே சோகமாக இருக்கிறது. நடிகை பாடும்போது கேட்பவர்கள் எதிர்பார்ப்பது சங்கதிகளை அல்ல. திரையில் பார்த்த அந்தப் பெண் இப்போது தன் காதருகே இருக்கிறாள் என்ற உணர்வைத்தான் வாங்குகிறார்கள். குரல் கொஞ்சம் தடுமாறினாலும் அதை மன்னிப்பார்கள், ஏன், விரும்பவே செய்வார்கள். வேறொருவர் அழகாகப் பாடிவிட்டால் தட்டை வாங்கக் காரணமே போய்விடும்.

படம் வெற்றி பெற்ற கையோடு அவர் எடுத்த முடிவு, இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியம். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று நடிப்பை நிறுத்திவைத்தார். 1983இல் தமாகவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு 'துப்பறியும் கதை' படத்தோடு திரும்பி வந்தார். எதிரே நாயகனாக மத்சுதா யூசாகு. இந்தமுறை பாட்டுக்கு வந்த ஆட்களைப் பாருங்கள்: இசை ஓதாகி எய்ச்சி, வரிகள் மத்சுமோதோ தகாஷி. இருவரும் 'ஹாப்பி எண்ட்' என்ற ராக் குழுவில் ஒன்றாக வாசித்தவர்கள். ஜப்பானிய மொழியிலேயே ராக் பாடலாம் என்று காட்டிய குழு அது. ஒரு நடிகை பாடும் படப்பாட்டு என்றால் இளக்காரமாக நினைக்காமல், நாட்டின் தலைசிறந்த கலைஞர்கள் வந்து வேலை செய்தார்கள். அதனால்தான் அந்தப் பாட்டுகள் படத்தைவிட நீண்ட ஆயுளோடு இருக்கின்றன. அதே ஆண்டு அதே காட்சியில் இரட்டைப் படமாக ஓடிய இன்னொரு படத்தில் நடித்துப் பாடிய ஹராதா தொமோயோவும் கடோகாவா வளர்த்தவர்தான்.

1984 டிசம்பரில் வந்தது 'டபிள்யூவின் துயரம்', இயக்கம் சவாய் ஷின்இச்சிரோ. என்னைக் கேட்டால் இந்த ஒரு படமே நான் சொல்ல வந்ததற்குச் சாட்சி. யாகுஷிமாரு இதில் ஒரு நாடகக் குழுவின் பயிற்சி நடிகை, பெயர் ஷிசுகா. குழுவின் பெரிய நடிகை தங்கியிருந்த ஹோட்டல் அறையில் அவருடைய காதலர் மாரடைப்பில் இறந்துவிடுகிறார். விஷயம் வெளியே தெரிந்தால் நட்சத்திரத்தின் கதை முடிந்தது. அவர் என் அறையில்தான் இறந்தார் என்று நீ சொல்லிவிடு, பதிலுக்கு நாடகத்தின் முக்கிய வேடம் உனக்கு என்கிறார் பெரியவர். ஷிசுகா ஒப்புக்கொண்டு, நிருபர்கள் முன்னால் கண்ணீர் விட்டுப் பொய் சொல்கிறாள். அதுதான் அவளுடைய முதல் பெரிய நடிப்பு. படத்தின் கடைசியில் தன்னை நேசித்தவனிடம் விடைபெறும்போது, மேடையில் திரை விழுமுன் செய்வது போல் பாவாடை நுனியை இரு கையாலும் பிடித்து வணங்குகிறாள். முகம் பாதி அழுகை, பாதி சிரிப்பு. அப்படியே படம் உறைகிறது, பாட்டு தொடங்குகிறது, பாடுவது அதே முகத்துக்குரிய குரல். வேறு எவர் குரல் வந்தாலும் அந்த இடம் இவ்வளவு நிற்காது. அந்த மெட்டு பாடகி மத்சுதோயா யூமி, குரேத்தா கருஹோ என்ற புனைபெயரில் போட்டது (ஹாலிவுட் நடிகை கிரெட்டா கார்போவின் பெயரை வைத்துச் செய்த குறும்பு). அந்த ஆண்டின் நடிப்புக்கு அவருக்கு புளூ ரிப்பன் சிறந்த நடிகை விருது கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 20 வயதில், கடோகாவாவின் ஜிமுஷோவிலிருந்து விலகித் தனியாக நின்றார். அங்கே இது லேசான விஷயம் இல்லை. ஜிமுஷோவை விட்டவர்களுக்கு வாய்ப்புகள் வறண்டுபோவது இன்றுவரை கேட்கும் கதை. இவர் தப்பினார், ஆனாலும் எண்பதுகளின் அலை மீண்டும் எழவில்லை. படங்கள் வந்தன, இசைத்தட்டுகளும் வந்தன, வேகம் குறைந்தது. 2005இல் அவர் அம்மா வேடங்களுக்கு வந்து சேர்ந்தார். 1958ஆம் ஆண்டு டோக்கியோவைக் காட்டும் 'ஆல்வேஸ்' படத்தில் கார் பழுதுபார்க்கும் கடைக்காரரின் மனைவியாக நடித்து ஜப்பான் அகாடமியின் சிறந்த துணை நடிகை விருதை வாங்கினார். அதே ஆண்டு '1 லிட்டர் கண்ணீர்' தொடரில் நோயாளிப் பெண்ணின் தாய். இந்தக் காலத்தில் அவரைத் தெரிந்துகொண்ட இளைஞர்கள் பலருக்கு அவர் ஒரு காலத்தில் பாட்டுப் பட்டியலின் உச்சியில் இருந்தவர் என்பது தெரியவே தெரியாது.

இதை வைத்து ஒரு திரைக்கதை ஆசிரியர் நன்றாக விளையாடினார். 2013இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே ஒளிபரப்பிய 'அமா-சான்', 156 பகுதிகள் கொண்ட காலைத் தொடர், எழுதியவர் குதோ கான்குரோ. வடகிழக்குக் கடற்கரையில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி, கடல் முள்ளெலிகளை (முள் உருண்டை போன்ற கடலுயிர்) அள்ளும் பெண்களின் ஊர். அங்கிருந்து 1984இல் ஐடல் ஆகும் கனவோடு டோக்கியோவுக்கு ஓடுகிறாள் ஹருகோ. அதே நேரம் சுசுகா ஹிரோமி என்ற புகழ்பெற்ற நடிகையின் படத்துக்குத் தலைப்புப் பாட்டு தேவை. சிக்கல், சுசுகாவுக்குச் சுத்தமாகச் சுருதி சேராது. ஹருகோவை ரகசியமாகப் பாட வைத்து, தட்டில் சுசுகாவின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். பாட்டு ஓகோவென்று ஓட, பாடியவள் இருட்டிலேயே கிடக்கிறாள். தொடரின் பாதி உணர்ச்சி இந்த ரகசியத்தின் மேல்தான் நிற்கிறது. நமக்கு, இதில் என்ன பெரிய குற்றம், பாடகி பெயரைப் போட்டிருந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் நடிகையின் சொந்தக் குரல் என்றுதானே அந்தத் தட்டையே விற்றார்கள்! அங்கே இது ரசிகர்களை ஏமாற்றிய மோசடி.

இப்போது நடிகர் தேர்வைக் கவனியுங்கள். நடுவயது ஹருகோவாக வருபவர் கோய்சுமி கியோகோ, நிஜத்தில் பாட்டிலிருந்து நடிப்புக்கு வந்த ஐடல். சுருதி சேராத சுசுகாவாக வருபவர் நிஜத்தில் நடிப்பிலிருந்து பாட்டுக்கு வந்த யாகுஷிமாரு. நாட்டுக்கே பிடித்த குரல் ஒன்றை மாதக்கணக்கில் பாட விடாமல் வைத்திருந்தார்கள். எண்பதுகளை அறிந்த பார்வையாளர்கள் காத்திருந்தார்கள். 2011 சுனாமி அந்தக் கதை ஊரையும் அடித்துப்போன பிறகு, சுசுகா அங்கே பாட வருகிறார். எதற்கும் இருக்கட்டும் என்று ஹருகோ மறைவில் தயாராக நிற்கிறாள். சுசுகா தானே பாடிவிடுகிறார், அதுவும் சுருதி பிசகாமல். பாட்டில் ஓரிடத்தில், இறந்தவர்கள் கடக்கும் சன்சு ஆற்றின் கடற்கன்னி என்று ஒரு விளையாட்டு வரி உண்டு. சொந்தங்களைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்கள் முன்னால் அதைப் பாடலாமா? அவர் அந்த இடத்தில் மூன்று தலைமுறைக் கடற்கன்னி என்று மாற்றிப் பாடுகிறார். பாட்டி, அம்மா, மகள் மூவரும் கடலில் இறங்கிய வீட்டின் முன்னால் அந்த வரி போய் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று பாருங்கள்.

அந்த ஆண்டுக் கடைசி நாளில் 'கோஹாகு' நிகழ்ச்சியில் அவர் சுசுகாவாகவே வந்து பாடினார். கோஹாகு என்பது 1951இல் தொடங்கி, என்எச்கே ஆண்டின் கடைசி இரவில் நடத்திவரும் பாட்டுப் போட்டி, அதற்கு அழைப்பு வருவதே பாடகர்களுக்கு ஒரு தகுதிச் சான்று. மறு ஆண்டு, 2014இல், அவர் தன் சொந்தப் பெயரில் முதல்முறையாகப் பங்கேற்று 'டபிள்யூவின் துயரம்' படப் பாட்டைப் பாடினார். பாட்டு வந்து முப்பது ஆண்டுகள் கழித்து.

2020இல் 'ஏல்' என்ற இன்னொரு காலைத் தொடர். போர்க்காலமும் வரும் கதை, யாகுஷிமாரு கிறிஸ்தவ நம்பிக்கை உள்ள ஒரு தாய். விமானக் குண்டு வீச்சில் ஊர் எரிந்துபோன பிறகு இடிபாடுகள் நடுவே அவர் இருக்கும் காட்சி. திரைக்கதையில் போரைத் திட்டித் தீர்க்கும் வசனம்தான் இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு துதிப்பாடலைப் பாடலாமா என்று கேட்டவர் அவரே. பக்க வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினார். இயக்குநர் சொல்லிப் பாடத் தொடங்கிய பெண், எங்கே பாட வேண்டும் என்று தானே சொல்லும் இடத்துக்கு வந்திருந்தார்.

எல்லாரும் இதே வழியில் வருவதில்லை. தகராசுகா என்ற பெண்கள் மட்டுமே நடிக்கும் இசைநாடகக் குழு, ஆட்டம், பாட்டு, நடிப்பு மூன்றையும் சேர்த்தே பயிற்றுவித்துப் பல நடிகைகளைத் தந்திருக்கிறது. கபூகி என்ற மரபு நாடகக் கலைஞர்களின் குடும்பத்தில் பிறந்த மத்சு தகாகோ, டிவி தொடர்களில் பெயர் பெற்று 1997இல் பாடகியானார், 'ஃப்ரோசன்' படத்தின் ஜப்பானியப் பதிப்பில் எல்சாவுக்குப் பேசியும் பாடியும் 2020இல் ஆஸ்கர் மேடை வரை போனார்.

பார்க்கத் தொடங்க நினைப்பவர்கள் 'டபிள்யூவின் துயரம்' படத்திலிருந்து ஆரம்பியுங்கள், பாட்டு முடியும்வரை எழுந்துவிடாதீர்கள். அப்புறம் 'அமா-சான்'. ஒரு பகுதி கால் மணி நேரம்தான், பேருந்திலேயே பார்த்து முடித்துவிடலாம். இயந்திரத் துப்பாக்கிப் படத்தை மூன்றாவதாக வையுங்கள். சோமாயின் நீண்ட காட்சிகள் முதல் அரை மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும். முடித்த கையோடு கிசுகி பாடியதையும் ஒருமுறை கேளுங்கள். இரண்டில் எது பிடிக்கிறது என்பதில் ஜப்பானியர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். என் ஓட்டு நடிகைக்குத்தான்.